வசந்தா நகரின் முதல் வீடு

எல்லாவற்றுக்கும் காரணம் என் அண்ணன் சமீர் வாங்கிக் கொடுத்த காது மெஷின்தான். நல்ல எண்ணத்தில்தான் வாங்கிக் கொடுத்தான். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்களை என்ன செய்வது, அடிக்கவா முடியும்?

எங்கள் அப்பா சாந்த் பாஷா திருவண்ணாமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அவர் அடித்ததுதான். இரும்பைத் தட்டித் தட்டி அவருக்குக் காது மந்தமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டில் யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அம்மா பேசுவாள், அப்பா தலையாட்டுவார். அம்மா பெயர் பீபி ஜான். பால் பொங்கி வழிந்தாலும், பௌர்ணமி கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காவிட்டாலும், கரண்ட் போனாலும், ஒன்றுமே ஆகாவிட்டாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "ஊருக்குள்ள போயிருக்கலாம்." அப்பா, காதில் விழுந்ததோ விழவில்லையோ, "அடுத்த ரம்ஜானுக்குப் பாக்கலாம்" என்பார். இப்படியே முப்பது ரம்ஜான் போய்விட்டது.

காது மெஷின் மாட்டிய வாரம் அப்பா எனக்கு போன் செய்தார்.

"ஆஃப்ஷீன், உங்கம்மா ரொம்ப கஷ்டப்படறாம்மா."

"எப்பலேர்ந்துப்பா?"

"நான் என்னத்த கண்டேன்? இப்பதான் கேக்குது."

நான் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எதிரில் ஒரு வெள்ளைக்காரர் வெந்நீர் வரவில்லை என்று நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது. எங்கள் அப்பாவிடம் எதையும் அப்புறம் பேச முடியாது. அதற்குள் செய்து முடித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று தகரத்தில் ஒரு போர்டு. மற்றவர்கள் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். அப்பாவுக்குக் கட்டத் தெரியாது. நாலு மூலையிலும் வெல்டிங் வைத்திருந்தார். ஊருக்குள் மசூதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது.

"உங்கம்மா கேட்டா. நான் செஞ்சுட்டேன்," என்றார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி.

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். பிறகு அதையே மறுபடி கட்டினாள்.

*

அந்த வீட்டின் கதையைச் சொல்லாவிட்டால் இது புரியாது. சொல்லிவிடுகிறேன்.

வசந்தா நகர் கீழ்பென்னாத்தூர் பஸ் போகும் ரோட்டில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. வசந்தா என்பது மனை போட்ட தருமனின் மனைவி. அந்த அம்மாள் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. வந்திருந்தால் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருப்பாள். கல் நட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த வேர்க்கடலைக் கொல்லை, அவ்வளவுதான் அப்போது. "எந்த மனையில நின்னாலும் மலை தெரியும்" என்று தருமன் நோட்டீஸ் அடித்திருந்தார். திருவண்ணாமலையில் எங்கே நின்றாலும் மலை தெரியும் என்று வாங்க வந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனை நகரவில்லை. ஆள் இல்லாத இடத்தில் முதலில் குடிபோக யாருக்கும் தைரியம் வரவில்லை. தருமன் எங்கள் அப்பாவிடம் வந்தார்.

"பாய், ஒரு வீட்ல அடுப்பு பொகைஞ்சாத்தான் மத்த மனை நகரும். நீ வந்து குடி இரு. உனக்குப் பாதி வெல."

பாதி விலை என்றதும் அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. அம்மா பிறந்து வளர்ந்தது மசூதித் தெருவில், ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் அடுத்த வீட்டு உப்பு ஜாடி கிடைக்கும் இடத்தில். அவளைக் கொண்டுபோய்க் கண்ணுக்கெட்டின வரைக்கும் மஞ்சள் கல் நட்ட இடத்தில் வைத்தார்கள்.

பாதி விலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தருமன் வேனில் ஆட்களை அழைத்து வருவார். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம் உண்டு. அவர்கள் பார்க்கும்போது நாங்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் சைக்கிளில் வீட்டைச் சுற்ற வேண்டும். சமீர் பந்து விளையாட வேண்டும். அவனுக்குப் பந்து போட ஆள் கிடையாது, அவனே போட்டு அவனே அடித்து அவனே ஓடிப் பொறுக்கி வருவான். அப்பா வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்க வேண்டும். ஒரே பேப்பரைத்தான் அந்த வருடம் முழுவதும் படித்தார். அம்மா ரோட்டுப் பக்கம் தெரிகிற மாதிரி துணி காயப்போட்டு, அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"கொஞ்சம் சந்தோஷமா தெரியணும் பாயம்மா," என்றார் தருமன்.

"சந்தோஷத்துக்கு தனியா என்ன குடுப்பே?" என்று அம்மா கேட்டாள். தருமன் ஒரு புளிசாதப் பொட்டலத்தை நீட்டினார்.

பம்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் சோப்பே நுரைக்காது. குடிக்கிற தண்ணீரை அப்பா ஊரிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்து வருவார். அந்தக் குடம் ஞாயிற்றுக்கிழமையில் பம்புக்குப் பக்கத்தில் சும்மா இருப்பது மாதிரி இருக்கும். யாராவது குடிக்கக் கேட்டால் அதிலிருந்து மொண்டு கொடுக்க வேண்டும். இதுவும் தருமன் ஏற்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமையாவது பரவாயில்லை, வேன் வரும். மற்ற நாட்களில் அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. அப்பா பட்டறைக்கும் நாங்கள் ஸ்கூலுக்கும் போய்விடுவோம். பஸ் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள், யாராவது இறங்குவார்களா என்று. ஒருவரும் இறங்க மாட்டார்கள். பக்கத்து மனைக்கு வரப்போகிறவள் எப்படி இருப்பாள் என்றுகூட அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். குண்டாக இருப்பாள், நிறையப் பேசுவாள், மூக்குத்தி போட்டிருப்பாள். எங்களிடம் அவளைப் பற்றி ஏதோ தெரிந்தவளைப் போலச் சொல்வாள். எனக்குப் பயமாக இருக்கும்.

வந்தவள் காசியம்மாள். ஒல்லி. மூக்குத்தியும் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கடலை பயிர் வைக்கிற குடும்பம், பிள்ளைகளை டவுன் ஸ்கூலில் சேர்க்க மனை தேடி வந்தவர்கள். கூட அவள் புருஷன் சுப்பன். அவர் எது கேட்டாலும் "ஆமா" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மற்றவர்கள் எல்லாம் மலையையும் மனைக்கல்லையும் பார்த்துக்கொண்டிருக்க, காசியம்மாள் மட்டும் நேராகப் பம்புக்கு வந்தாள்.

"தண்ணி எப்படிக்கா?"

அன்றைக்கென்று பார்த்து அப்பா சைக்கிள் பஞ்சர். ஊர்த் தண்ணீர் கிடையாது, குடத்தில் இருந்தது பம்புத் தண்ணீர்தான். அம்மா ஒரு சொம்பில் மொண்டு நீட்டி, "நல்ல தண்ணிதான்," என்றாள்.

நான் சைக்கிளில் ஒரு சுற்று வந்தபோது இரண்டு பேரும் அந்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த சுற்று வந்தபோதும் அப்படியே நின்றார்கள். அப்புறம் காசியம்மாள் மடமடவென்று முழுச் சொம்பையும் குடித்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்து, "நல்லாத்தான் இருக்குது," என்றாள். புருஷனைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கத்து மனையே போதும்," என்றாள். "ஆமா," என்றார் சுப்பன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அவளுக்கு நாக்கே இல்லை என்று சொல்லிச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரியைப் பொய் சொல்லி உப்புத் தண்ணீரில் தள்ளிவிட்டோமே என்று அவளுக்கு அது ஆறாமலே இருந்தது. சில வருடம் கழித்துக் காசியம்மாளுக்கு வயிற்றில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாழைத்தண்டுச் சாறு பிழிந்து பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

காசியம்மாள் வந்த பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. அத்தனை வீட்டுக்கும் அப்பாதான் கேட் அடித்தார். ஒரே டிசைன், மயில். கடைசியில் பைப் தண்ணீரும் வந்தது, நல்ல தண்ணீர். பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஸ்டாப்பிங்கை "பாய் வீடு" என்று கத்தினார்கள், இப்போதும் அப்படித்தான் கத்துகிறார்கள். வசந்தாவை அடியோடு மறந்துவிட்டார்கள்.

அம்மாவும் காசியம்மாளும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று நினைக்க வேண்டாம். முருங்கைக் கிளை மதில் தாண்டியது, சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது, யார் வீட்டுக் கோழி, இதற்கெல்லாம் ஒருவரையொருவர் நாறடித்திருக்கிறார்கள். வீட்டில் எங்கள் பேச்சு உருது. காசியம்மாள் வந்ததிலிருந்து அம்மா அப்பாவோடு போடும் சண்டையை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொண்டாள். உருதுவில் போட்டால் பக்கத்து வீட்டுக்கு எப்படிப் புரியும்?

*

இப்போது அந்த வீட்டைத்தான் விற்கப் போகிறோம்.

"அம்மா, உனக்குப் போக இஷ்டமா இல்லையா? ஒன்னு சொல்லு," என்று சமையல்கட்டில் நெருக்கிப் பிடித்துக் கேட்டேன்.

"எனக்கு இன்னா, போலாம்."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

அம்மா டப்பாக்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதையே வெளியே எடுத்தாள். "எனக்கு இஷ்டமில்லடி," என்றாள் கடைசியில், சின்னக் குரலில். "அந்த ரூமுக்குள்ள போய் நான் யாரைப் பார்ப்பேன்? அந்தத் தெருவுல எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் மவுத்தாயிட்டாங்க."

"அப்பாகிட்ட சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? முப்பது வருஷமா நானே வாயால கேட்டு வாங்குனது. அந்த மனுஷன் பாவம், எனக்காகத்தான் செய்றாரு. இப்ப போய் வேணாம்னா என் மூஞ்சில காறித் துப்ப மாட்டாரா?"

அப்பா துப்ப மாட்டார், சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடுவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் போக இஷ்டமில்லை. சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு மயில் கேட்டையும் தடவிக்கொண்டு நடந்ததை நானே பார்த்தேன். துரு இருக்கிறதா என்று பார்த்தாராம். ஆனால் அவரிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள், அவள் ஆசை கெடக்கூடாது, அவளிடம் எதையும் சொல்லாதே என்று அவர் தனியாகச் சத்தியம் வாங்கினார். இரண்டு கிழங்களுக்கும் நடுவில் நான் சத்தியத்தோடு நின்றேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போர்டைப் பல்லால் பிய்த்திருப்பேன், வெல்டிங் மட்டும் இல்லாவிட்டால்.

வீடு பார்க்கப் பார்ட்டி வருகிற நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். அப்பா விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார். "துணிய முன்னாடி காயப்போடு. ஆஃப்ஷீன், நீ வாசப் பக்கம் நடமாடு."

"சைக்கிள் ஓட்டணுமாப்பா?" என்று கேட்டேன். எனக்கு நாற்பது வயது.

"இருந்தா ஓட்டு," என்றார்.

அவரே நாற்காலியை வாசலில் போட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தார். அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துவிட்டு, பைப் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது ஞாபகம் வந்து, இறக்கி வைத்தாள்.

பிரகாஷ், சிந்துஜா என்று சின்ன வயசுக்காரர்கள், காரில் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். இரண்டு பேரும் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார்கள், ஊரில் ஒருத்தரையும் தெரியாது. அவர்கள் காரை விட்டு இறங்குவதற்குள் காசியம்மாள் எங்கள் வாசலில் வந்து, யாரும் சொல்லாமலே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போர்டு ஏறிய நாளிலிருந்து அம்மாவோடு அவள் பேசவில்லை. இப்போதும் அம்மாவைப் பார்க்கவில்லை. சுப்பன் கேட்டருகில் நின்றார்.

"வீடு நல்ல கட்டடங்க," என்றார் அப்பா.

"ஒழுவும்," என்றாள் காசியம்மாள்.

பிரகாஷ் கூரையைப் பார்த்தார்.

"ஏரியா அமைதியா இருக்குங்களா?" என்று கேட்டார்.

"பாம்பு ஜாஸ்தி," என்றாள் காசியம்மாள். "போன வாரம்கூட ஒன்னு. இவ்ளோ நீட்டு. கேளுங்க இவர."

"ஆமா," என்றார் சுப்பன்.

"அதெல்லாம் இல்லீங்க, பாம்பெல்லாம் எப்பவோ. இல்லண்ணே?" என்றார் அப்பா.

"ஆமா," என்றார் சுப்பன்.

அந்தப் பெண் சிந்துஜா இதில் எல்லாம் கலந்துகொள்ளவில்லை. அம்மாவிடம் வந்து, ரொம்ப சாதாரணமாக, "தண்ணி எப்படிங்கம்மா?" என்று கேட்டாள்.

அம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடி நின்றாள். உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் போய்விடுவார்கள், வீடு தப்பிக்கும். அம்மாவுக்கும் அது தெரியும்.

"உப்பு," என்றாள் காசியம்மாள். "வாயில வெக்க முடியாது."

"யார் வீட்டுத் தண்ணி உப்பு?" என்று அம்மா திரும்பினாள் பாருங்கள். தன் வீட்டுத் தண்ணீரை வந்தவர்கள் எதிரில் ஒருத்தி குறை சொல்வதா? விற்கிறது விற்காதது எல்லாம் மறந்துபோய், விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வந்து சிந்துஜாவிடம் கொடுத்தாள். "குடிச்சுப் பாரும்மா. நீயே சொல்லு."

அந்தப் பெண் குடித்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்குது," என்றாள்.

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றாள் காசியம்மாள். "ஒரு சொம்பு உப்புத் தண்ணிய குடிச்சுட்டு, இதே எடத்துல நின்னு, நல்லாத்தான் இருக்குதுன்னேன்."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "காசிம்மா, உனக்கு அது தெரியுமா?"

"எனக்கு நாக்கு இல்லையா இன்னா? அந்தத் தண்ணியில மாடுகூட வாய் வெக்காது. இவரு அப்புறம் பம்புல ஒரு வாய் குடிச்சுட்டு வேனுக்குப் பின்னாடி போய் துப்பிட்டாரு."

"ஆமா," என்றார் சுப்பன்.

"அப்புறம் இன்னாத்துக்குடி வாங்குனே?"

காசியம்மாள் இப்போதுதான் அம்மாவை நேராகப் பார்த்தாள். "சொம்பக் குடுத்துட்டு நீ கைய எடுக்கல பாயம்மா. நான் இழுக்கறேன், நீ வுட மாட்டேன்ற. சரி, இந்தப் பொம்பளைய இங்க ஒத்தையா வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு இருந்துச்சு. குடிச்சேன், வாங்குனேன். இப்ப நீ என்ன வுட்டுட்டு கெளம்புற."

அம்மா அழுதாள். முந்தானையால் மூடிக்கொள்ளாமல், வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றும் நினைக்காமல், நின்ற இடத்திலேயே அழுதாள்.

"நான் போவலைங்க," என்றாள் அப்பாவிடம்.

"இன்னா?" அப்பா காது மெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வீட்ட வுட்டு நான் வர மாட்டேன்னேன்."

"முப்பது வருஷமா போலாம் போலாம்னியே பீபி?"

"சொல்லுவேன். இனிமேலும் சொல்லுவேன். நான் சொன்னா நீங்க கேக்கணுமா? இத்தன வருஷம் கேட்டீங்களா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். "இல்ல," என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அடக்க அடக்க மீசைக்குக் கீழே பரவியது. அதை மறைக்கப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

நான் பிரகாஷிடம் மன்னிப்புக் கேட்டேன். கெஸ்ட் ஹவுசில் பழகிய வாய், மன்னிப்பு மட்டும் நன்றாக வரும். அவர் பரவாயில்லை என்று காரைப் பார்த்து நடந்தார். சிந்துஜா நகரவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையும் காசியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க பக்கத்துல வேற வீடு எதாவது வருங்களா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்கு எதுத்தாப்புல ஒன்னு வருது," என்று காசியம்மாள் எழுந்தே விட்டாள். "பாம்புகீம்பு ஒன்னும் கெடையாது. தண்ணி தேனு. வா கண்ணு, காட்டறேன்."

தருமன் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அழைத்து வந்து காசியம்மாள் வீடு விற்கிற அழகைக் காட்டியிருப்பேன்.

போர்டை எடுக்க அப்பா பழைய பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் கொண்டுவர வேண்டியிருந்தது. அறுக்கும்போது மயிலின் வாலும் கொஞ்சம் போய்விட்டது. எங்கள் நகரில் வால் இல்லாத மயில் எங்கள் வீட்டு கேட்டில் மட்டும்தான்.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அம்மா துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னாள்:

"ஊருக்குள்ள போயிருக்கலாம்."

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். காது மெஷினைக் கழற்றி, அதன் சின்ன டப்பாவில் போட்டு மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ரம்ஜானுக்குப் பாக்கலாம்," என்றார்.